ஃபார்மெட் செய்யச் சொல்லும் முன்

மடிக்கணினி திறக்க மறுத்தால் நம் வீடுகளில் முதலில் எழும் குரல், "கடையில் கொடுத்து ஃபார்மெட் பண்ணிவிடு" என்பதுதான். கணினி ஓடும், உண்மைதான். ஆனால் அக்காளின் திருமணப் படங்களும் தம்பியின் இறுதியாண்டு ஆய்வேடும் அதோடு போய்விடும். ஈராயிரம் வெள்ளி கொடுத்தால் வேறு கணினி கிடைக்கும்; அந்தப் படங்கள் எந்தக் கடையில் கிடைக்கும்?

கணினி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்ப்பதே முதல் வேலை. விளக்கே எரியவில்லையா? செருகியவை அனைத்தையும், சார்ஜரையும் சேர்த்து, கழற்றுங்கள். பொத்தானை 30 வினாடி அழுத்திப் பிடித்துவிட்டு, சார்ஜரை மட்டும் செருகிப் பாருங்கள். விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டா? எச்டிஎம்ஐ கம்பியால் வீட்டுத் தொலைக்காட்சியில் இணையுங்கள். அங்கே படம் வந்தால் கோளாறு திரைப் பக்கம்தான், கோப்புகள் பத்திரம்.

சின்னம் தெரிந்து, வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறதா? இங்கேதான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். விண்டோஸ் தொடங்கும்போது பொத்தானை அழுத்திப் பிடித்து இரண்டு முறை அணைத்தால், பெரும்பாலும் மூன்றாம் முறை பழுதுபார்க்கும் திரை தானே வரும். அங்கிருந்து சேஃப் மோடுக்குப் போகலாம். கடைசியாக வந்த அப்டேட்டை நீக்கலாம்.

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய பழுதான அப்டேட் ஒன்றால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி, உலகெங்கும் சுமார் 8.5 மில்லியன் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. சாங்கி விமான நிலையத்திலேயே சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் பதிவு செய்தன. அதற்கு வைத்தியம் ஃபார்மெட் அல்ல. சேஃப் மோடில் நுழைந்து பழுதான அந்தக் கோப்பை அழித்ததும் கணினிகள் எழுந்துகொண்டன.

ஆனால் அங்கேயும் ஒரு பூட்டு இருந்தது. பிட்லாக்கர் பல கணினிகளில் 48 இலக்கச் சாவியைக் கேட்டது. இன்றைய புதிய மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த உடனேயே, உரிமையாளருக்குத் தெரியாமலே இந்தப் பூட்டு விழுந்துவிடுகிறது. சாவி அந்தக் கணக்கிலேயே இருக்கும். கைப்பேசியில் கணக்கைத் திறந்து இன்றே எழுதி வையுங்கள். சாவி இல்லாவிட்டால் கடைக்காரராலும் கோப்புகளை மீட்க முடியாது.

பழைய வகை ஹார்ட் டிஸ்க்கில் 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் மட்டும் எதையும் முயலாதீர்கள். அணைத்துவிட்டுக் கடைக்குக் கொண்டு போங்கள். "முதலில் கோப்புகளை வேறு டிஸ்க்கில் எடுக்கவும்" என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்.