பாயில் நெறியும் தாய்மொழியும்



வளியின் இயல்பைத் தமிழில் கற்பிக்க இயலுமா என வினவுவார் இன்றும் உளர். அவர்க்கு விடை, அவ்வளியின் நெறி கண்ட இராபர்ட்டு பாயிலின் பணியிலேயே உளது.

1627இல் அயர்லாந்தின் இலிசுமோரில் பிறந்தவர் பாயில். காற்றழுத்தம் இதளைத் தாங்குகின்றது என்றார் அவர். அன்று, கண்காணா நூலொன்றே இதளை மேலிருந்து இழுக்கின்றது என்று மறுத்தார் பிரான்சிசு இலைனசு. பாயில் சொற்போர் தொடுத்திலர், அளந்து காட்டினார்.

வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்று. அதன் குறுங்கால் அடைபட்டது, நெடுங்கால் திறந்தது. இதள் இருகாலிலும் ஒரே மட்டத்தில் நின்றபோது, குறுங்காலில் அகப்பட்ட காற்று 48 பிரிவு. மேலும் மேலும் இதளை ஊற்ற, அது 24 பிரிவாய் ஒடுங்கியது. அப்போது நெடுங்காலில் மிகுந்து நின்ற இதள், ஏறத்தாழ மற்றுமொரு வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு ஈடாயிற்று. அழுத்தம் இருமடங்கு, பருமன் பாதி! வெப்பநிலை மாறாதவழி, குறித்த அளவு வளியின் அழுத்தத்தையும் பருமனையும் பெருக்கிவரும் எண் மாறாது. இதுவே 1662இல் வெளிவந்த பாயில் நெறி.

கடலில் ஏறத்தாழ 10 மீட்டர் ஆழத்திலும் அழுத்தம் இருமடங்காகும். மூச்சடக்கி ஆங்கு மூழ்கும் முத்துக்குளிப்பாரின் நெஞ்சகக் காற்றும் பாதியாய் ஒடுங்கும். மேலேறுங்கால் மீண்டும் விரியும். நெறி ஒன்றே.

இனி மொழியை நோக்குக. அன்று ஐரோப்பாவில் கற்றோர் மொழி இலத்தீன். 1687இல் நியூட்டனும் தம் பெருநூலை இலத்தீனிலேயே வெளியிட்டார். பாயிலோ 1660இலேயே காற்றைப் பற்றிய தம் ஆய்வுநூலை ஆங்கிலத்தில் எழுதினார். காற்று அழுங்கி மீளும் இயல்புக்கு அவர் ஆண்டது, துள்ளி மீளுதலைக் குறிக்கும் எளிய நாட்டுச்சொல். அதனை விளக்க அவர் காட்டியதும் அழுத்தி விட்டால் மீண்டெழும் ஆட்டுமயிர்க் கற்றையே. பின்னர் அயல்நாட்டார்க்காக அவை இலத்தீனில் பெயர்க்கப்பட்டன. தாய்மொழியில் எழுதியதால் அறிவியல் தாழ்ந்ததா? ஆங்கிலமன்றோ உயர்ந்தது!

வளி, அழுத்தம், பருமன், இதள் என்னும் சொற்கள் தமிழில் இல்லாதனவா? ஆளும் துணிவே வேண்டுவது. இலைனசின் மறுப்புக்குப் பாயில் தந்த விடை செயல். தமிழால் இயலாது என்பார்க்கும் அதுவே விடை. ஆசிரியர் இந்நெறியைத் தமிழில் கற்பித்துக் காட்டுக. பெற்றோர் தம் மக்களைத் தமிழ்வழியில் சேர்த்துக் காட்டுக. அழுத்த அழுத்த, வளியின் எதிர்விசையும் மிகும். தமிழர் ஊக்கமும் அவ்வாறே மிகுக!

வெல்க தமிழ்!