மேலேறிய உதரவிதானமும் ரண சிகிச்சையும்

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மல்லாந்து படுத்தால் இன்னும் அதிகம். தாராவியிலோ செம்பூரிலோ நம்மவர் ஒருவர் இவ்வாறு கூறினால் காசத்தையும் ஆஸ்துமாவையுமே நாம் முதலில் எண்ணுகிறோம். அவற்றைச் சோதிப்பது நியாயமே. ஆயினும் சிலருக்கு எக்ஸ்ரே படம் வேறொன்றைக் காட்டும். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே விரிந்துள்ள உதரவிதானம் ஒருபுறம் மேலேறி, நுரையீரலை நெருக்கி நிற்கும். பிறவியிலேயே தசை மெலிந்திருக்கலாம்; கழுத்திலிருந்து இறங்கி அதனை இயக்கும் நரம்பு செயலிழந்தும் இருக்கலாம்.

காலத்தின் விந்தையைப் பாருங்கள்! காசத்திற்கு நல்ல மருந்துகள் வராத நாளில், நோயுற்ற நுரையீரலுக்கு ஓய்வளிக்க வைத்தியர்களே அந்நரம்பை நசுக்கி உதரவிதானத்தை மேலேறச் செய்தனர்.

இதனை 1923இல் மாரிசன் என்பார் ரண சிகிச்சையால் திருத்தினார். தளர்ந்த பகுதியைப் புடவைக் கொசுவம்போல் மடித்துத் தைத்து, கீழே இறக்கி இறுக்குவதே இன்றும் முறை. இப்போது சிறு துளைகளின் வழியே காமிராவைச் செலுத்தியும் செய்கின்றனர். செயலிழந்த தசை மீண்டும் இயங்காது. நுரையீரல் விரிய இடம் கிடைக்கும், அவ்வளவே. மூச்சுத் திணறுவோர்க்கு அதுவே பெரிது.

தொல்லை ஏதுமில்லாதார் படத்தைக் கண்டு அஞ்சிக் கத்திக்கு உடன்பட வேண்டுவதில்லை. திணறல் உடையோர்க்கும், நரம்பு ஏன் செயலிழந்தது என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும். மார்பினுள் வளர்ந்த கட்டி அதனை அழுத்தியிருக்கவும் கூடும்.

சயான் மருத்துவமனைக்குச் செல்லும் நம்மவர் சிலர், மராத்தியில் விளக்க அறியாது, “கேஸ்” என்று சொல்லி மாத்திரையுடன் திரும்பிவிடுகின்றனர். படுத்தால் திணறுகிறது என்பதை எம்மொழியிலேனும் சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரே பெட்டியில் கிடந்தால் உடன் கொண்டு செல்லுங்கள். மேடு புதியதா பழையதா என்பதை வைத்தியர் ஒப்பிட்டுப் பார்ப்பார்.