அடுக்களை காக்கும் அறம்

(அறக்கட்டளையின் விழா மேடையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடலூருக்கும் சமண அறத்துக்கும் உள்ள உறவு மிகத் தொன்மையானது. முதுநகருக்கு அருகிலுள்ள திருப்பாதிரிப்புலியூர் பண்டு பாடலிபுரம் எனப் பெயர் பெற்ற சமண நிலையமாக விளங்கியது. சருவநந்தி முனிவர் ‘லோகவிபாகம்’ என்னும் நூலைச் சக ஆண்டு 380இல், அஃதாவது கி.பி. 458இல், காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், பாடலிகா என்னும் ஊரில் எழுதி முடித்தார் என்று அந்நூலின் வடமொழி வடிவம் கூறுகிறது. அவ்வூர் இதுவே என்பது ஆய்வாளர் கருத்து.

அந்தப் பள்ளி இன்று இல்லை. ஆயினும், நீரை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பயன்படுத்துவதும், பொழுது சாயுமுன் உண்டு முடிப்பதும், ஊன், கள், தேன் ஆகியவற்றை விலக்குவதும் தமிழ்ச் சமணர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வருகின்றன. இவற்றைக் கட்டிக் காத்தவர்கள் பெரும்பாலும் ஏடறியாத பாட்டிமார்களே. அவர்கள் அடுக்களையில் நின்று காத்த அறம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, அதை அடுத்த தலைமுறைக்கு எப்படிக் கொடுப்பது என்பதே இவ்வுரையின் பொருள்.

இல்லறத்தார் ஒழுக்கத்தைக் குறள் வெண்பாக்களால் உரைக்கும் நூல் அருங்கலச்செப்பு. இல்லறத்தான் படிப்படியாக ஏறவேண்டிய பதினொரு நிலைகளுள் இரவுணவை விடுதலும் ஒன்று. இரவில் விளக்கொளியை நாடி வரும் சிற்றுயிர்கள் உணவில் விழுந்து மடியும் என்பது அதற்குரிய காரணம். திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’, முன்னர் உண்டது செரித்த பின்னரே அளவறிந்து உண்ண வேண்டும் என்கிறது. முன்மாலையில் உண்டு முடித்தவனுக்கு உறங்கச் செல்லுமுன் உணவு செரிக்கப் போதிய நேரம் கிடைக்கிறது. உயிரோம்பலும் உடலோம்பலும் இங்கே ஒன்றுபடுகின்றன.

இனி இன்றைய நிலையைக் காண்போம். கடலூரில் ஆனி மாதத்தில் கதிரவன் மறைய மாலை 6.35 ஆகும். கார்த்திகையிலோ 5.40க்கே பொழுது சாய்ந்துவிடும். நெய்வேலியிலோ புதுச்சேரியிலோ பணிபுரியும் கணவனும் மனைவியும் வீடு திரும்ப ஏழு மணி ஆகிறது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் பயிலும் மகனுக்கு இரவுணவு எட்டு மணிக்குத்தான். வீட்டிலிருக்கும் மாமியார் விளக்கேற்றுமுன் உண்டு எழுந்துவிடுகிறார். பசியோடு வரும் மருமகள் எட்டு மணிக்கு உலை வைக்கிறாள். சொல்லாமல் ஒரு மனத்தாங்கல் வளர்கிறது. “வெங்காயம் இல்லாமல் சாம்பாரா?” என்று பேரப்பிள்ளை தட்டை ஒதுக்கும்போது அது சொல்லாகவும் வெடிக்கிறது. நோன்பு குடும்பத்தை இணைத்த காலம் போய், அதுவே பிணக்குக்குக் காரணமாகிவிடுகிறது.

இப்பிணக்கு அறிவுரையால் தீராது. சுவையான உணவு உரிய நேரத்தில் தட்டுக்கு வந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆகவே சமையலைப் பற்றியே சிறிது விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு இவை இன்றிச் சுவையில்லை என்பது அண்மைக் காலத்து எண்ணம். உருளைக்கிழங்கும், தக்காளியும், மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை. போர்ச்சுகீசியர் வருகைக்குப் பின்னரே அவை இந்நாட்டுக்கு வந்தன. அதற்கு முன் தமிழ்ச் சமையலுக்குக் காரம் தந்தது மிளகு. ‘மிளகாய்’ என்னும் பெயரிலேயே மிளகு ஒளிந்திருக்கிறது. மிளகு, சீரகம், புளி, கறிவேப்பிலை, தேங்காய், பெருங்காயம் என்னும் ஆறும் இருக்கும் அடுக்களையில் சுவைக்குப் பஞ்சமில்லை. பெருங்காயத்தில் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெங்காயம், பூண்டு ஆகியவற்றின் மணத்தை ஒத்தவை. அதைக் கொதிக்கும் குழம்பில் தூவினால் மணம் முழுதும் வெளிப்படாது. காய்ந்த நெய்யிலோ எண்ணெயிலோ பொரிக்க வேண்டும்.

கிழங்கு வகைகளை அகழ்ந்தால் செடி முழுதும் மடிகிறது. மேலும் ஒரே கிழங்குடலில் எண்ணற்ற உயிர்கள் வாழ்கின்றன என்பது சமணக் கொள்கை. சில குடும்பங்கள் இவற்றை முற்றிலும் விலக்குகின்றன. சில, நோன்பு நாள்களில் மட்டும் விலக்குகின்றன. உலர்ந்த சுக்கும் மஞ்சளும் பொதுவாக ஏற்கப்படுகின்றன. ஆகவே இஞ்சி வேண்டிய இடத்தில் சுக்கும், உருளைக்கிழங்கு வேண்டிய இடத்தில் வாழைக்காயும் கைகொடுக்கும். வாழைக்காயைத் தோலோடு அரைவேக்காடாக வேகவைத்து, தோலுரித்துத் துண்டாக்கி, மிளகுத்தூளும் உப்பும் தூவி நல்லெண்ணெயில் வதக்கினால், உருளைக்கிழங்கு வறுவல் கேட்கும் பிள்ளையும் மறுசோறு கேட்பான். பண்ருட்டிப் பலா வரும் கோடையில் பலாக்கொட்டையையும் இவ்வாறே செய்யலாம்.

அன்றாடத்துக்கு உதவும் நான்கு உணவுகளின் செய்முறை வருமாறு. அளவுகள் நால்வருக்கு உரியவை.

முதலாவது, சிதம்பரத்துக்குப் புகழ் சேர்த்த சம்பா சாதமும் கொத்சும். 300 கிராம் சம்பா அரிசியை உதிரியாக வடித்து ஆறவிடுக. 2 தேக்கரண்டி மிளகையும் 2 தேக்கரண்டி சீரகத்தையும் வெறும் வாணலியில் வறுத்துக் கொரகொரப்பாகப் பொடிக்க. 3 மேசைக்கரண்டி நெய்யில் முந்திரி, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துப் பொடியும் உப்பும் சேர்த்துச் சோற்றைக் கிளறுக. கொத்சுக்குக் கத்தரிக்காயே மரபு. விதை மிகுந்தது என்று கத்தரியை விலக்குவோர் பீர்க்கங்காயைக் கொள்ளலாம். தனியா 2 மேசைக்கரண்டி, கடலைப்பருப்பு 1 மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் 5, இவற்றைச் சிறிது எண்ணெயில் வறுத்துப் பொடிக்க. காயை நல்லெண்ணெயில் குழைய வதக்கி மசித்து, எலுமிச்சை அளவு புளியின் கரைசலை ஊற்றிப் பச்சை மணம் போகக் கொதித்தபின் பொடியைத் தூவி, எண்ணெய் மேலே மிதக்கும்போது இறக்குக.

இரண்டாவது, பருப்புருண்டைக் குழம்பு. அட்டமி, சதுர்த்தசி நாள்களில் பச்சைக் காய்கறி கொள்ளாத இல்லங்களுக்கு இது பெருந்துணை. துவரம்பருப்பு 150 கிராம், கடலைப்பருப்பு 50 கிராம் இரண்டையும் ஒரு மணி நேரம் ஊறவைத்து நீரை முழுதும் வடித்து, காய்ந்த மிளகாய் 4, சீரகம், பெருங்காயம், உப்புச் சேர்த்து நீர் விடாமல் அரைக்க. உருண்டைகளை இட்லித்தட்டில் 10 நிமிடம் ஆவியில் வேகவைத்த பின்னரே கொதிக்கும் புளிக்குழம்பில் இடுக. நேரே குழம்பில் இட்டால் கரைந்துவிடும் என்ற அச்சம் இதனால் நீங்கும்.

மூன்றாவது, ஒரே பாத்திரத்தில் முடியும் பயற்றம்பருப்புக் குழைசோறு. அரிசி 200 கிராம், வறுத்த பயற்றம்பருப்பு 100 கிராம், இவற்றின் கொள்ளளவைப் போல் நான்கு மடங்கு நீர், சிறிது மஞ்சள்தூள் சேர்த்துக் குக்கரில் 4 விசில் வரவிட்டு, உப்பிட்டு, நெய்யில் மிளகு, சீரகம், சுக்குப்பொடி, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுக. அரைமணி நேரத்தில் உணவு தயார். முதியவர்க்கும், காய்ச்சலிலிருந்து எழுந்தவர்க்கும், குழந்தைக்கும் ஏற்றது.

நான்காவது, பருப்புப்பொடி. துவரம்பருப்பு 200 கிராம், பொட்டுக்கடலை 100 கிராம், மிளகு 1 மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் 6, பெருங்காயம் ஒரு துண்டு. பருப்பைச் சிவக்க வறுத்து, மற்றவற்றையும் தனித்தனியே வறுத்து, ஆறிய பின் உப்புடன் பொடித்து, ஈரமற்ற புட்டியில் இடுக. விடுதியில் வாழும் மாணவனுக்கு இப்புட்டி ஒன்றே போதும்; மாலை ஐந்து மணிக்குச் சோறோ இட்லியோ கிடைக்கும் இடத்தில் பொழுதோடு உண்டுவிடலாம்.

பணிக்குச் செல்வோரும் மாலைக்கென்று தனி அடுக்குப் பெட்டி கொண்டு செல்லலாம். காலையில் செய்த புளியோதரை மாலை வரை கெடாது. ஐந்து மணித் தேநீர் இடைவேளையில் அதை உண்டு முடிப்பவர், வீடு திரும்பியதும் அடுப்பை மூட்ட வேண்டியதில்லை. அந்த நேரம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். இரவுணவு விலக்கு குடும்பம் முழுவதற்கும் உரிய நோன்பு. ஆனால் அதற்காக விடியுமுன் எழுபவள் பெண் ஒருத்தியே. நீர் வடிகட்டுவதும், தானியத்தில் வண்டு பார்ப்பதும், காயை நறுக்குமுன் புழு பார்ப்பதும் அவள் தலையிலேயே விழுகின்றன. அகிம்சையைப் போற்றும் இல்லத்தில் ஒருத்தி மட்டும் நாளெல்லாம் சோர்ந்து வாடுவது அந்த அறத்துக்கு அழகன்று. அரிசி களைய ஆண்மகனுக்குத் தெரியட்டும். வெயிலில் மிளகாய் உலர்த்தப் பேரன் கற்கட்டும். மாமியார் தம் கைப்பக்குவத்தைக் குற்றம் கூறும் குரலில் அன்றி, அருகில் நின்று அளவு சொல்லிக் கொடுக்கட்டும். “கண்ணளவுதான்” என்று அவர் சொல்வதை ஒரு முறை நிறுத்து எழுதிக்கொள்ள மருமகள் தயங்க வேண்டியதில்லை. அந்தக் கண்ணளவு அவரோடு மறைந்துபோனால் அதை எந்த ஏட்டிலிருந்தும் மீட்க முடியாது.

முழு நோன்பை ஏற்க இயலாத குடும்பம் வாரத்தில் இரண்டு நாள்களில் தொடங்கலாம். விடுமுறை நாளாகிய ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்பது எவர்க்கும் கடினமன்று. பிள்ளை ஏன் என்று கேட்டால், விளக்கில் விழும் பூச்சியைக் காட்டிச் சொல்லலாம். வாயில் சுவையும் கண்ணெதிரே காரணமும் இருக்கும்போது அறம் அவனுக்குச் சுமையாகத் தோன்றாது.

தானங்களுள் உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி என்னும் நான்கையும் சமணம் சிறப்பித்துப் பேசுகிறது. நோற்றிருந்த ஆதிபகவனுக்குச் சிரேயாம்ச மன்னன் கரும்புச் சாறு அளித்த நாளே அட்சய திருதியை என்று போற்றப்படுகிறது. மன்னன் தந்தது விருந்தன்று. தூய்மையாக, உரிய வேளையில், அன்போடு தரப்பட்ட எளிய சாறு. அன்றாட அடுக்களையிடம் அறம் எதிர்பார்ப்பதும் அவ்வளவே. அவ்வகை உணவு ஒவ்வோர் இல்லத்திலும் பொழுது சாயுமுன் பரிமாறப்படுக!