மூலம் என்று விட்டுவிடாதீர்கள்

(பளைத் தென்னந்தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாங்கள் பேசக் கூச்சப்படும் ஒரு விடயத்தை இன்று பேச வேண்டியிருக்கிறது. மலத்தோடு இரத்தம் போனால், "மூலவியாதிதான், உடம்புச் சூடு" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம். அது மூலமாகவே இருக்கலாம். ஆனால் பெருங்குடல் புற்றுநோயும் அதே அடையாளத்தைக் காட்டும். எது என்று பிரித்தறிவது வைத்தியரின் வேலை. போய்ச் சொல்வது எங்கள் வேலை.

இந்த நோய் ஒரு நாளில் வருவதில்லை. குடலின் உட்சுவரில் சிறு முளையாகச் சதை வளரும். அது புற்றாக மாற அநேகமாகப் பத்து வருடமளவு எடுக்கும். அதற்குள் கண்டால் வெட்டி எடுத்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தையும் ஒரு மலச்சோதனை காட்டிக்கொடுக்கும். அமெரிக்காவின் மினசோட்டாவில் 46,000க்கு மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 1993இல் வெளிவந்தது. வருடந்தோறும் சோதித்தவர்களிடையே இந்நோயால் வரும் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

இங்கிலாந்தில் 2006 முதல் இந்தச் சோதனைப் பொதி வீட்டுக்கே தபாலில் வருகிறது. அங்கும் பலர் அதைத் தொடுவதில்லை. குடும்ப வைத்தியர் ஒரு வார்த்தை சொன்னால் செய்கிறவர்கள் கூடுகிறார்கள்.

எங்களுக்குப் பொதி வராது. 35 வயது கடந்தவர்களுக்கு அரச நிலையங்களில் இரத்த அழுத்தமும் சீனியும் பார்க்கிறார்கள். குடலைப் பற்றி நாங்களே கேட்டால்தான் உண்டு. ஆகவே, 50 வயதைத் தாண்டியவர்களும், பெற்றோருக்கோ சகோதரருக்கோ இந்நோய் இருந்தவர்களும் வைத்தியரிடம் கேளுங்கள். இரத்தம் போனாலோ, மலம் போகும் வழக்கம் மாறினாலோ, காரணமின்றி உடம்பு மெலிந்தாலோ, எந்த வயதானாலும் காத்திருக்க வேண்டாம். தேவைப்பட்டால் அவர் பெரிய வைத்தியசாலைக்குத் துண்டு எழுதித் தருவார். அரச வைத்தியசாலையில் காசு கேட்கமாட்டார்கள்.

"போனால் ஒருநாள் சம்பளம் போகுமே" என்கிறீர்கள். நியாயமான கேள்வி. பரிசோதனை நாளுக்குச் சம்பளத்துடன் லீவு வேண்டும் என்று நாங்கள் ஒன்றாகக் கேட்க வேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதை அறிந்த ஒரு வைத்தியர் வேண்டும் என்றும் கேட்க வேண்டும்.

2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள் நடந்து சேர்த்த பணத்தில்தான் தெல்லிப்பளையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. எங்களுக்காக அவ்வளவு தூரம் நடந்தார்கள். நாங்கள் பளை வைத்தியசாலை வரையாவது நேரத்தோடு நடப்போம்.