அடைத்த கதவும் ஆடிய கூத்தும்
(மயிலிட்டி வாசிகசாலை ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இன்றிரவு இம்மேடையில் கூத்து ஆடப்படவிருக்கிறது. அதற்கு முன் நாம் நீண்ட நேரம் பேசுவது கூத்துப் பார்க்க வந்தோருக்கு இழைக்கும் அநீதியாகும். ஆயினும், ஒரு வழக்கை மட்டும் உங்கள் மன்றில் வைத்துவிட்டு அமர்கிறோம்.

1957ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. சாதியின் பெயரால் ஒருவரைக் கோயிலுக்குள் புகவிடாது தடுப்பது குற்றம் என்று அச்சட்டம் கூறிற்று. பதினொரு ஆண்டுகள் சென்றன. 1968இல், நமக்கு அயலூரான மாவிட்டபுரத்தில், கந்தனை வழிபட வந்த மக்கள் வாசலில் அமர்ந்து அறப்போர் நடத்த நேர்ந்தது. கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்த சி. சுந்தரலிங்கம் அவர்களே அவர்களை எதிர்த்து நின்றார். அதனால் எழுந்த வழக்கு பிரிவிக் கவுன்சில்வரை சென்றது. சட்டம் இருந்தது, கல்வியும் இருந்தது, கதவு மட்டும் திறக்கவில்லை!

கண்ணீர் போதுமா?

கலை இல்லாமலா போயிற்று? காங்கேசன்துறையில் நடிகமணி வி.வி. வைரமுத்து அவர்கள் அரிச்சந்திரனாக மயானத்தில் நின்று பாடியபோது உருகாதவர் யார்? அரசன் ஒருவன் சுடலை காக்கும் நிலைக்குத் தாழ்ந்ததைக் கண்டு நம் முன்னோர் விடியவிடிய அழுதனர். விடிந்ததும், உண்மையாகவே சுடலை காத்தவனுக்கு முற்றத்தின் ஓரத்தில் சிரட்டையிலே தண்ணீர் வார்த்தனர். பிழை அந்த மாபெருங் கலைஞருடையதன்று. பழகிய கதைக்குப் பழகிய கண்ணீர் சிந்திவிட்டு எழுந்து போன நம்முடையதே.

அந்த வேளையில்தான் புதுமையொன்று நிகழ்ந்தது. என்.கே. ரகுநாதன் அவர்கள் எழுதிய 'கந்தன் கருணை'யை அம்பலத்தாடிகள் என்னும் குழுவினர் காத்தவராயன் கூத்துப் பாணியில் மேடையேற்றினர். மெட்டு மாரியம்மன் கோயில் வெளிகளில் கேட்டுப் பழகிய மெட்டு. ஆட்டமும் நாமறிந்த ஆட்டம். பொருளோ அன்றைய கோயில் வாசற் போராட்டம்! கந்தனே கதவுக்கு வெளியே நிற்போர் பக்கம் வந்து சேர்ந்தான். கடவுளைக் காட்டி அடைத்த கதவைக் கடவுளைக் கொண்டே தட்டினர் கலைஞர். 'கூத்தில் அரசியலா?' என்று முகஞ்சுளித்தோர் உண்டு. ஆனால் பார்த்தவன் அழுதுவிட்டு உறங்க முடியவில்லை. 'நான் எந்தப் பக்கம்?' என்று தன்னைத் தானே கேட்க வேண்டியதாயிற்று. ஊரோடு ஒத்தோடிய மனிதன் தனி மனிதனாக நின்று சிந்திக்கத் தொடங்குவது அந்தக் கேள்வியிலேதான்.

கூத்து மட்டுமே கதவைத் திறந்தது என்று நாம் வாதிடவில்லை. வாசலில் அடிபட்டவர்களே திறந்தனர். அவர்கள் பக்க நியாயத்தைச் சட்டப் புத்தகம் புகாத வீட்டு முற்றங்களுக்குக் கொண்டு சென்றது கூத்து.

நமக்கான கேள்வி

மயிலிட்டி மக்களுக்கு இதை விளக்க வேண்டுமா? 1990இல் ஊரை விட்டு எழுந்தோம். துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டது 2017இல். இருபத்தேழு ஆண்டுகள் முட்கம்பிக்கு அப்பால் நின்று நம் கடலையும் கோயிலையும் எண்ணி ஏங்கினோம். அடைத்த வாசலின் வெளியே நிற்பது எத்தகையது என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? அவ்வேலியை அநீதி என்ற நாம், நம் கிணற்றடியிலும் கோயில் வீதியிலும் வேறொரு வேலி இட்டால், எந்த முகத்தோடு நீதி கேட்போம்?

ஆகவே ஒன்றே ஒன்று வேண்டுகிறோம். மீண்டெழும் நம் ஊரின் திருவிழா மேடைகளில் ஓர் இரவை நம் இளைஞருக்குக் கொடுங்கள். அவர்கள் நம்மைப் புகழ்ந்து ஆட வேண்டியதில்லை. நம்மைக் கேள்வி கேட்டு ஆடட்டும். மனம் நோகும், நோகட்டும். முன்வரிசையில் அமர்ந்து, இறுதிவரை பார்ப்போம்.