குளிர்சாதனத்தின் முறை

கோடைப் பிற்பகலில் ஊரார் யாவரும் குளிர்சாதனங்களை ஒருசேர ஓட்டினால் மின் நிலையங்கள் தாங்கா. அமெரிக்காவில், வாய்க்கால் நீரை முறைவைத்துப் பாய்ச்சுவதுபோல் ஓர் ஏற்பாடு செய்தனர். இசைந்த வீடுகளில் சிறு விசையொன்று பொருத்தப்படும். தட்டுப்பாடு வந்தால், வானொலி அலை (நமது உறவினர்தான்!) அவ்விசைக்கு ஆணையிடும், குளிராக்கும் பொறி கால்மணி நேரம் ஓயும், விசிறி மட்டும் சுழலும். அடுத்த கால்மணியில் பிற வீடுகளின் முறை. இசைந்தோர்க்குக் கட்டணச் சலுகையும் உண்டு. இது நியாயமே.

ஆனால் 2022 ஆகஸ்ட் 30இல், கொலராடோ மாநிலத்தில், இணையவழி ஆளப்படும் வெப்பச்சீராக்கிகள் ஏறத்தாழ 22,000 வாடிக்கையாளரின் இல்லங்களில் பூட்டப்பட்டன. அவர்கள் சலுகை பெற்று இசைந்தவர்களே. எனினும் வழக்கமாக மீறித் திருப்ப முடிந்த கருவி அன்று அசையவில்லை. வீட்டில் நோயாளி இருந்தால்? அவசரத்தில் விலகிக்கொள்ள வழிவிடாத ஒப்பந்தத்தை என்னால் ஏற்க இயலவில்லை.