கூட்ஸ் வண்டியைப் படம் பிடிப்பதில் என்ன இருக்கிறது?

(‘பொழுதுபோக்கும் பயனும்’ என்னும் தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய நண்பர்கள் தோட்டக்கலையைப் பற்றியும் தபால்தலை சேகரிப்பதைப் பற்றியும் அழகாகப் பேசினார்கள். தோட்டம் போட்டால் கத்தரிக்காயாவது கிடைக்கும். தபால்தலை சேர்த்தால் பிற்காலத்தில் விலையாவது கிடைக்கும். என்னுடைய பொழுதுபோக்கில் இரண்டும் கிடையாது. நான் சரக்கு ரயில் இன்ஜின்களைத் தேடிப்போய்ப் படம் பிடிப்பவன். அதிலும் அரிதாக வரும் பழைய இன்ஜின்கள் என்றால் விடியற்காலை நான்கு மணிக்கே கிளம்பிவிடுவேன்.

“கூட்ஸ் வண்டியைப் போய்ப் படம் பிடிக்கிறாரே, இவருக்கு என்ன ஆயிற்று?” என்று என் வீட்டிலேயே கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். என் பொழுதுபோக்கில் நான் செய்த ஒரு பெரிய தவற்றையும் மறைக்காமல் சொல்லப் போகிறேன்.

எண்ணைப் படித்தால் வரலாறு தெரியும்

முதலில், ‘அரிது’ என்றால் என்ன? பயணிகள் ரயிலுக்கு நேர அட்டவணை உண்டு. எந்த ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று நிலையத்தில் ஒட்டியிருப்பார்கள். சரக்கு ரயிலுக்கு அப்படி நமக்குத் தெரியும் அட்டவணை இல்லை. சிமெண்டு ஏறி முடிந்தால் புறப்படும். துறைமுகத்தில் கொள்கலன் இறங்கினால் புறப்படும். எந்த இன்ஜின் இழுத்து வரும் என்பதும் அன்றைக்குத்தான் முடிவாகும். அதனால்தான் காத்திருப்பதில் ஒரு சுவை இருக்கிறது.

நம் நாட்டு ரயில் இன்ஜின்களின் நெற்றியில் ஐந்து இலக்க எண் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் முதல் இரண்டு இலக்கங்கள் அந்த இன்ஜின் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைக் காட்டும். கடைசி இரண்டு இலக்கங்கள் அந்த வகையில் அது எத்தனையாவது என்பதைக் காட்டும். 23 என்று தொடங்கினால், 1983இல் ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனத்திடமிருந்து வாங்கிய வகை. 24 என்றால் 1987இல் வந்த ஜப்பானிய வகை. 26 என்றால் ‘புளூ டைகர்’ என்று அழைக்கப்படும், ஏறத்தாழ 3,300 குதிரைத்திறன் கொண்ட வகை. 29 என்றால் சீனாவின் டாலியான் நகரத் தொழிற்சாலையிலிருந்து 2000களின் நடுவில் வந்த வகை.

பாருங்கள், ஓர் எண்ணுக்குள் எத்தனை நாடுகள் அடங்கியிருக்கின்றன! எந்தக் காலத்தில் எந்த நாட்டோடு வணிகம் செய்தோம் என்பதை ஒரு கூட்ஸ் வண்டியின் நெற்றி சொல்லிவிடுகிறது. ஆரம்பப் பள்ளி மாணவனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால், அவன் பூகோளத்தையும் வரலாற்றையும் தானாகவே தேடிப் படிப்பான்.

பொன்மலையிலிருந்து வந்த விருந்தாளி

இன்னொரு செய்தி சொல்கிறேன். நம்மில் பலருக்கு இது தெரியாது. மலேசிய ரயில் பாதையும் தமிழ்நாட்டின் பழைய ரயில் பாதையும் ஒரே அகலம். இரண்டும் மீட்டர் கேஜ்தான். 1990களில் இந்தியாவில் மீட்டர் கேஜ் பாதைகளை அகலப் பாதைகளாக மாற்றும் பணி வேகமெடுத்தது. அதனால் ஒய்.டி.எம்.4 என்ற வகை டீசல் இன்ஜின்கள் வேலையில்லாமல் நின்றன. அவற்றில் சில, திருச்சிக்கு அருகிலுள்ள பொன்மலைப் பட்டறையில் செப்பனிடப்பட்டு, கப்பலேறி மலேசியாவுக்கு வாடகைக்கு வந்தன. இங்கே சரக்கு ரயில்களையும் இழுத்தன.

அந்தச் சமயத்தில் திருச்சியிலிருந்து என் மாமா ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவரை ஈப்போ நிலையத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். தூரத்தில் ஒரு கூட்ஸ் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. குதிரை மூச்சு வாங்குவதைப்போல் விட்டுவிட்டு வரும் சத்தம். கூடவே கரும்புகை. பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

“மாப்பிள்ளை, இது எங்க ஊரு வண்டி சத்தமாச்சே?” என்றார்.

நான் சிரித்தேன். பிறகு விசாரித்தபோதுதான் அவர் சொன்னது முற்றிலும் உண்மை என்று தெரிந்தது. கப்பலில் நம் பாட்டன்மார் வந்தார்கள் என்று பேசுகிறோம். அவர்கள் வந்து நூறாண்டு கழித்து, அவர்கள் ஊர் இன்ஜினும் கப்பலில் வந்தது. அன்று என் கையில் கேமரா இல்லை. அந்த ஏக்கத்தில்தான் மறுமாதமே ஒரு கேமரா வாங்கினேன்.

இது நம்மவர் போட்ட பாதை

நேயர்களே, இந்தப் பாதைக்கும் நமக்கும் உள்ள உறவு வெறும் சத்தத்தோடு நிற்பதில்லை. இந்த நாட்டின் முதல் ரயில் பாதை 1885இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. அதைப் போடுவதற்கு இலங்கையிலிருந்து பயனியர் படைப் பிரிவினர் வரவழைக்கப்பட்டார்கள். அதன்பின் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் நிலைய அதிபர்களாகவும் கணக்கர்களாகவும் இருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் கட்டை சுமந்தார்கள், சரளைக்கல் கொட்டினார்கள், தண்டவாளம் திருத்தினார்கள்.

என் தகப்பனார் செந்தூல் ரயில்வே பட்டறையில் 31 ஆண்டுகள் வேலை செய்தவர். 1957இல், நாடு சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில், இங்கிலாந்திலிருந்து முதல் பெரிய டீசல் இன்ஜின்கள் வந்ததை அவர் கதை கதையாகச் சொல்வார். “நீராவி இன்ஜின்ல வேலை செஞ்சா கை கறுக்கும். டீசல் இன்ஜின்ல வேலை செஞ்சா கை நாறும். அவ்வளவுதான் வித்தியாசம்” என்பார்.

அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் செப்பனிட்ட இன்ஜின்கள் இன்று ஓடவில்லை. பட்டறை வேலைகளும் செந்தூலை விட்டுப் பத்து காஜாவுக்குப் போய்விட்டன. சரி, அவர் ஓர் இன்ஜின் பக்கத்தில் நிற்பதுபோல் ஒரு படமாவது எங்கள் வீட்டில் இருக்கிறதா என்றால், இல்லை. அடையாள அட்டைக்கு எடுத்த ஒரே ஒரு படம்தான் இருக்கிறது. 31 ஆண்டு உழைப்புக்குச் சாட்சி, விரல் நகம் அளவுக்கு ஒரு முகம்.

ஆகவே நான் கூட்ஸ் வண்டியைப் படம் பிடிக்கும்போது, இன்ஜினை மட்டும் பிடிப்பதில்லை. ஓட்டுநர் கை அசைத்தால் அவரையும், தண்டவாளம் திருத்துபவர் நின்றால் அனுமதி கேட்டு அவரையும் சேர்த்துப் பிடிக்கிறேன்.

நான் செய்த தவறு

இனி என் தவற்றுக்கு வருகிறேன்.

2016ஆம் ஆண்டு. பேராக் மாநிலத்தில் ஒரு சிறிய ஊர். 24 வகை இன்ஜின் ஒன்று சிமெண்டு ரயிலை இழுத்துக்கொண்டு தெற்கே வருகிறது என்று நண்பர் தொலைபேசியில் சொன்னார். அந்த வகையைச் சரக்கு ரயிலில் பார்த்து எனக்குப் பல மாதங்கள் ஆகியிருந்தன. மகனையும் அழைத்துக்கொண்டு போனேன். வேலிக்கு வெளியே நின்றால் கம்பம் மறைத்தது. வேலியில் ஓர் இடத்தில் யாரோ உண்டாக்கிய சந்து இருந்தது. “ரெண்டு நிமிஷம்தான்” என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

வடக்கே பார்த்துக் கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தேன். “அப்பா!” என்று ஓர் அலறல். சட்டையைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். சரளைக்கல்லில் விழுந்தேன். தெற்கிலிருந்து ஈ.டி.எஸ். மின்ரயில் பறந்து போனது. நான் அந்தச் சத்தத்தைக் கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அந்த ரயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம் வரை போகும். அந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு 39 மீட்டர். கேமராவில் ஒரு பொத்தானைத் திருக எனக்கு ஐந்து விநாடி ஆனது. அதற்குள் அது ஏறத்தாழ 200 மீட்டரைத் தின்றுவிடும். பழைய டீசல் வண்டி வருவது கிலோமீட்டர் தூரத்திலேயே தெரியும். மின்ரயில் அப்படி இல்லை. 2015இல் பாடாங் பெசார் வரை மின்ரயில் ஓடத் தொடங்கிய பிறகும், நான் பழைய காலத்துக் காதை நம்பி நின்றேன். அதுதான் என் தவறு.

பத்து நிமிடம் கழித்து, எதிர்பார்த்த 24 வகை இன்ஜினும் வந்தது. நான் கேமராவைத் தூக்கவில்லை. என் மகன் என் கையை விடவில்லை. அன்று பதிவானது ஒரே ஒரு படம். விழும்போது தானாக அழுந்தி எடுத்தது. பாதி வானம், பாதி புல். அந்தப் படத்தைச் சட்டமிட்டு என் மேசைக்கு எதிரே மாட்டி வைத்திருக்கிறேன்.

இளைஞர்களுக்கு நான்கு வார்த்தை

இந்தப் பொழுதுபோக்கில் இறங்க விரும்பும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இவைதாம்.

ஒன்று, வேலியைத் தாண்டாதீர்கள். ரயில் பாதைக்குள் அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம். நிலைய மேடையில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால், பொதுப் பாலத்தில், சாலையோரத்தில் நின்றே நல்ல படம் எடுக்கலாம்.

இரண்டு, மேலே ஓடும் மின்கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே பாயும். பாலத்தின்மேல் நின்று நீண்ட கம்பில் கேமராவைக் கட்டி நீட்டாதீர்கள்.

மூன்று, வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை நல்ல வெளிச்சம். ஓடும் வண்டிக்கு 1/500 விநாடி அல்லது அதைவிட வேகமான ஷட்டர் வையுங்கள். பிளாஷ் விளக்கைப் போடவே போடாதீர்கள், ஓட்டுநரின் கண் கூசும்.

நான்கு, எடுத்த படத்துக்குத் தேதி, இடம், இன்ஜின் எண் மூன்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். எழுதாத படம், பெயர் சூட்டாத பிள்ளையைப் போல.

சாதாரண நாளில் எடுங்கள்

2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி, சிங்கப்பூர் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது. ஜொகூர் சுல்தான் அவர்களே அதை ஓட்டிச் சென்றார். ஆயிரக்கணக்கானோர் கேமராவும் கையுமாகக் கூடினார்கள். நானும் கூட்டத்தில் நின்றேன். எனக்குக் கிடைத்ததெல்லாம் முன்னால் நின்றவர்களின் கைகள்தான். அந்த நிலையம் 1932இல் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 80 ஆண்டுகளில் எத்தனையோ சாதாரணச் செவ்வாய்க்கிழமைகள் வந்து போயிருக்கும். அந்த நாட்களில் அங்கே மூட்டை இறக்கியவரையும் கொடி காட்டியவரையும் எத்தனை பேர் படம் எடுத்து வைத்தோம்?

கடைசி நாளில் எல்லாரும் வருவார்கள். சாதாரண நாளில் வருபவன்தான் வரலாற்றைக் காப்பாற்றுகிறான்.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கூட்ஸ் வண்டிக்காகக் காத்திருந்தால் ஏளனம் செய்யாதீர்கள். ஆனால் எங்கே நிற்கிறான் என்று கட்டாயம் கேளுங்கள். முடிந்தால் ஒரு நாள் கூடவே போங்கள். என்னை இன்று உங்கள் முன் நிறுத்தியிருப்பது, அன்று கூட வந்த பிள்ளையின் கைதான்.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் அப்பாவோ தாத்தாவோ ரயில்வேயில் வேலை செய்த காலத்துப் படம் ஏதாவது இருக்கலாம். இன்று இரவே எடுத்துப் பாருங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, பின்பக்கம் பென்சிலால் மெதுவாக எழுதி வையுங்கள். கேட்டுச் சொல்ல ஆள் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். எனக்கு அந்த வாய்ப்பு இல்லாமல் போயிற்று. உங்களுக்கு இருக்கிறது.